முன்னால் போன மூட்டை: சிங்கப்பூரில் மோட்டார் வாடகைக்கு எடுப்போர் கவனிக்க

1

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். முன்பெல்லாம் வயிற்றுக்கு வழியில்லாதவன் வந்தான். இப்போது வயிறு நிறைந்தவனும் வருகிறான். கப்பலை விட்டு இறங்கியதும் கோயிலைப் பார்க்கிறான், கடைத்தெருவைப் பார்க்கிறான், பிறகு மோட்டார் வண்டியைப் பார்க்கிறான். பார்த்ததும் அதில் ஏறியாக வேண்டும். ஏற வேண்டும், ஆனால் காசு செலவாகக் கூடாது. யாரைக் கேட்பது? தேக்காவில் மாட்டு வண்டி வைத்திருக்கிறானே ஒருவன், வாடகை விஷயமெல்லாம் அவனுக்குத்தான் தெரியும் என்று என்னிடம் வந்து நிற்கிறான்.

வருகிறவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. விடிவதற்கு முன் மாடுகளுக்குத் தவிடு வைக்க வேண்டும். தஞ்சோங் பகார் துறைக்கு வண்டிகளை அனுப்ப வேண்டும். மாட்டுக்கு ஒரு லைசென்சு, வண்டிக்கு ஒரு லைசென்சு, வண்டியில் தொங்கும் தகரத்துக்கு ஒரு நம்பர் என்று முனிசிபல் கச்சேரியில் போய் நிற்க வேண்டும். ஆகையால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்வேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

இந்தத் தை மாதத்தோடு நான் இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். மாடு ஏற்றி வந்த கப்பலில் மாடு மேய்ப்பவனாக வந்தேன். நாகப்பட்டினத்தில் ஏறும்போது நான் நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. மாட்டுக்கு யார் நாள் பார்க்கிறார்கள்? மாடு ஏறியது, நானும் ஏறினேன். இன்று எனக்கென்று எட்டு வண்டி ஓடுகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நாள் பார்ப்பதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

2

நான் மோட்டார் எடுத்தது வேடிக்கைக்காக அல்ல. என் மைத்துனருக்காக.

அவர் பெயர் சிவக்கொழுந்து. என் மனைவி அமிர்தத்தின் மூத்த அண்ணன். மன்னார்குடிப் பக்கத்தில் நிலபுலன் உள்ளவர். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் கப்பலடியிலேயே சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நாங்கள் குடியிருப்பது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்கு மேலே பலகை போட்ட மாடியில். கீழே மாடு மூச்சு விட்டால் மேலே கேட்கும். ஏணிப்படியில் ஏறி வந்த மைத்துனர் மூக்கைச் சுருக்கினார். பிறகு விருந்தாளி அப்படிச் செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மூக்கை நேராக்கிக்கொண்டார். என் பெண் தங்கத்துக்குப் பத்து வயசு. அவள் பாயை விரித்துப்போட்டு, "மாமா, டுடுக் லா! ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள்.

"என்ன சொல்லுது பொண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

"உக்காரச் சொல்லுது மச்சான். மலாய்ப் பேச்சு."

"ஏன், உக்காருங்கன்னு சொன்னா உக்கார மாட்டேனா?"

அன்று சாப்பிடும்போது விஷயத்துக்கு வந்துவிட்டார். "மாப்பிள்ளை, நான் சுத்தி வளச்சுப் பேச மாட்டேன். தங்கச்சியையும் பொண்ணையும் அடுத்த கப்பல்ல கூட்டிட்டுப் போறேன். அம்மாவும் அதான் சொல்லி அனுப்பிச்சாங்க. பொண்ணு தமிழ் மறந்து போய்க்கிட்டிருக்கு. மாட்டுக்கு மேல படுத்துத் தூங்குது. நீங்க இங்க நல்லா நிலைச்சு, ஒரு வீடு வாசல்னு பாத்தப்பறம் அனுப்பி வெக்கிறேன். தப்பா நெனைக்காதீங்க."

அமிர்தம் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். மோர் ஊற்றினாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஏனென்றால், இப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நிலைத்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பெண்டு பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கடைச் சோறு தின்றே நரைத்துப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் போய் உட்கார வேண்டியதுதானா?

கோபம் வந்தது. கோபத்தில் எனக்குத் தோன்றிய யோசனை மோட்டார். கப்பல் வியாழக்கிழமை. அதற்குள் ஒருநாள் மோட்டார் எடுத்து, மைத்துனரைப் பின்னால் உட்கார வைத்து, பாசிர் ரிஸ் கடற்கரை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் தீர்ந்தது. அவர் ஊரில் கலெக்டர் துரை வரும்போதுதான் மோட்டார் வரும். ஜனங்கள் வயலை விட்டு ஓடிவந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் தங்கச்சி புருஷன் கூட்டிப்போனான் என்றால், இவன் நிலைத்தவன்தான் என்று மனுஷர் ஒப்புக்கொள்ள மாட்டாரா?

அமிர்தத்திடம் சொன்னேன். "மோட்டாரா?" என்றாள். அவ்வளவுதான்.

3

இனி சிக்கன விஷயம்.

முதலாவது, வண்டி பேசப் போகும்போது மாட்டு வண்டியில் போகாதீர்கள். நான் போனேன். மோட்டார் ஷெட் துரைமார் ஹோட்டல்களுக்குப் பக்கத்தில் இருந்தது. முதலாளி வெள்ளைக்காரர், அவர் கண்ணிலேயே பட மாட்டார். கணக்கெல்லாம் நாகூர்க்காரர் ஒருவர் கையில், செய்யது மரைக்காயர் என்று பெயர். சின்ன வயசு, சிரித்த முகம். நான் வண்டியை விட்டு இறங்குகிறேன், என் மாடு ஷெட் வாசலிலேயே சாணி போட்டது. வாடகை அங்கேயே ஏறிவிட்டது.

"மோட்டார் யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா?" சாணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வண்டி இழுக்கவா?"

"மரைக்காயரே, காசு குடுத்து ஏற வந்திருக்கேன். கேலி பேசினா வேற ஷெட்டுக்குப் போயிடுவேன்."

"போவாதீங்கண்ணே, சும்மா சொன்னேன். உக்காருங்க."

இரண்டாவது, நாள். குதிரைப் பந்தய நாளில் கேட்காதீர்கள். சீனர் வருஷப் பிறப்பில் கேட்காதீர்கள். சனி, ஞாயிறு துரைமார் கடலுக்குப் போவார்கள், அன்றைக்கும் கேட்காதீர்கள். திங்கட்கிழமை வண்டி சும்மா நிற்கும். சும்மா நிற்கிற நாளுக்குக் கேட்டால் இறங்கி வருவார்கள். நான் திங்கட்கிழமைக்குக் கேட்டேன், நல்லபடியாகக் குறைந்தது. அந்தத் திங்கட்கிழமைதான் எனக்கு எமனாக வந்தது என்பது வேறு கதை.

மூன்றாவது, வாடகை என்று சொல்லும்போது அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெட்ரோல் எண்ணெய் யாருடையது? டயர் வெடித்தால் யார் தலையில்? ஓட்டுகிறவனுக்குச் சோறு யார் போடுவது? கேட்காவிட்டால் எல்லாம் உங்கள் தலையில்தான். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மரைக்காயருக்கு வேர்த்தது. கடைசியில் அவர் ஒரு வலை வீசினார்.

"அண்ணே, இன்னும் ரெண்டு வெள்ளி சேத்துக் குடுத்திடுங்க. வண்டியில கீறல் விழுந்தாலும் நசுங்கினாலும் நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"கீறல் விழாட்டி அந்த ரெண்டு வெள்ளியத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"அதெப்படிண்ணே?"

"அப்ப வேண்டாம்."

நான்காவது, நேரம். ஆளோ சாமானோ வண்டியில் ஏறிய நிமிஷத்திலிருந்து மணிக் கணக்கு என்றார். அதுவரைக்கும் வாசலில் நின்றால்? அதற்குக் காசில்லை. அன்றைக்கு விடியற்காலையில் அந்த வண்டி ஒரு துரையை ரயிலடியில் விட்டுவிட்டு வரும், ஏழு மணிக்கெல்லாம் உங்கள் வாசலில் நிற்கும், நீங்கள் சௌகரியப்பட்டபோது ஏறிக்கொள்ளுங்கள் என்றார். மோட்டார் என் வீட்டு வாசலில் சும்மா நிற்க, தெரு முழுக்கப் பார்க்க, அதற்கு ஒரு காசும் இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவனைவிட நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே மாட்டை ஓட்டிவந்தேன்.

4

சொன்னபடி ஏழு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் ஜாவாப் பக்கத்துப் பாயான் தீவுக்காரன், பெயர் மாட். அமரிக்கையான ஆள், மலாய்தான் பேசுவான்.

வாடகை வண்டியில் ஏறுவதற்கு முன் அதில் ஏற்கெனவே இருக்கிற கீறலையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எவனோ இடித்ததற்கு உங்களிடம் காசு கேட்பார்கள். நான் மாடு வாங்குகிறவன். மாட்டுக்குச் சுழி பார்க்கிறதுபோல மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விளக்கு இரண்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். சக்கர மறைப்பில் ஒரு நசுங்கல், கதவில் மூன்று கீறல், பின்னால் ஒரு சொட்டை. எல்லாவற்றுக்கும் அடையாளம் வைக்க வேண்டுமே, அமிர்தத்தைக் கூப்பிட்டேன். குங்குமச் சிமிழோடு வந்து, நான் காட்டிய இடத்திலெல்லாம் ஒரு பொட்டு வைத்தாள். மாட் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டு வைத்ததுதான் தாமதம், தெருவில் போன பால்காரர் ஒருவர் பால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்து கும்பிட்டார்கள். பூ விற்கிற அம்மாள் ஒரு முழம் மல்லிகையை விளக்கில் சுற்றிவிட்டுக் காசுக்குக் கை நீட்டினாள். அந்தக் காசும் வாடகைக் கணக்கில்தான் சேரும்.

அந்த நேரம் பார்த்து மைத்துனர் பஞ்சாங்கத்தோடு இறங்கி வந்தார்.

"மாப்பிள்ளை, கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்க."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கக்கெழமை."

"திங்கக்கெழமை கிழக்க சூலம்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இன்னிக்குப் போயி கிழக்க கூட்டிட்டுப் போறேங்கிறீங்களே! சரி, தயிர் சாதம் கட்டியிருக்கு, சூலத்துக்குத் தயிர் பரிகாரம், அது போவட்டும். ஆனா ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம். ஒம்போது மணிக்கு முன்ன நான் வண்டியில கால் வெக்க மாட்டேன்."

காத்திருக்கத்தான் காசில்லையே. "ஒம்போது மணிக்கே போவலாம் மச்சான்," என்றேன்.

அவர் போகவில்லை. எதையோ யோசித்தார். "இப்ப நம்மூர்ல மணி என்ன இருக்கும்?"

"அங்க இன்னும் விடிஞ்சிருக்காது. நம்மூருக்கு முன்னாடியே விடிஞ்சிடும் இங்க."

"அப்படின்னா ராகு எந்த மணிக்கு வருவான்? பஞ்சாங்கம் நம்ம ஊர்ல போட்டது. நம்மூர் ஏழரை இங்க எத்தனை?"

"ஒம்போதுக்கு மேல ஆயிடும்."

"இங்கத்து ராகு ஒம்போதுக்குப் போறான். ஊர் ராகு அப்பதான் வரான்னு வெச்சுக்குங்க. எது நெசம்?"

"மச்சான், ராகு எந்தக் கப்பல்ல வந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைத்துனர் கோபித்துக்கொள்ளவில்லை. எதற்கும் இரண்டு ராகுவையும் தள்ளிவிடுவோம் என்றார். இரண்டும் கழியப் பகல் பதினொரு மணி ஆகும். சரி, மணிக் கணக்கு குறையும், எனக்கு லாபம்தான் என்று பேசாமல் இருந்தேன். அப்போதுதான் அவர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஏழரைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குல்ல? நல்ல நேரம் போறதுக்குள்ள பரஸ்தானம் வெச்சிடுவோம்."

பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். நல்ல நேரத்தில் நம்மால் புறப்பட முடியாவிட்டால், நம்முடைய மூட்டை ஒன்றைப் புறப்படச் செய்வோம். அடுத்த தெருவில் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. மூட்டை போய்விட்டால் நாம் போன மாதிரி. பிறகு எப்போது வேண்டுமானாலும் போய் அதை எடுத்துக்கொண்டு பயணப்படலாம். மைத்துனர் வீட்டில் சந்தைக்கு ஆடு ஓட்டுவதற்குக்கூட இதைச் செய்வார்கள்.

சாப்பாட்டு மூட்டைதான் தயாராக இருந்தது. புளியோதரை, தயிர் சாதம், ஊறுகாய், எல்லாவற்றையும் மைத்துனரின் பெரிய துப்பட்டியில் வைத்து அமிர்தம் கட்டியிருந்தாள். வண்டியின் பின் ஆசனத்தில் வைத்தபோது அது ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. மூட்டை வாசலில் நின்றால் போதாது, புறப்பட்டு நகர வேண்டும் என்றார் மைத்துனர். நான் ஓட்டுகிறவனிடம், இதை எடுத்துக்கொண்டு முன்னால் போ, நாங்கள் பின்னால் வருகிறோம் என்று மலாயில் சொன்னேன். மாட் மூட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "துவான் ஏறவில்லையா?" என்று ஐயா போட்டுக் கேட்டான். "நாந்தி, நாந்தி," அப்புறம், அப்புறம் என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

நான் சொன்னதும் சரி, அவன் புரிந்துகொண்டதும் சரி. பரஸ்தான மூட்டை தெருமுனையில் நின்றுவிடும் என்பது நமக்குத் தெரியும். பாயான் தீவில் பிறந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? எங்கே நிற்பது என்று நான் சொல்லவே இல்லை. பாசிர் ரிஸ் போக வேண்டும் என்று மரைக்காயர் அவனிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

5

மோட்டார் தெருமுனையில், கோயில் மூலையில் நிற்கிறது என்ற நினைப்பில் நாங்கள் இட்லி சாப்பிட்டோம். மைத்துனர் இரண்டு ராகுவும் கழிகிறவரை ஒரு தூக்கம் போட்டார். பதினொரு மணிக்கு எல்லோரும் புது வேட்டி, பட்டுப் புடவையோடு கோயில் மூலைக்கு நடந்தோம். அங்கே மோட்டாரைக் காணோம்.

பூக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள். "மோட்டாரைப் பாத்தியாம்மா?"

"அது காலைலயே காத்தாப் பறந்துடுச்சே அண்ணே! பின்னால ஒரு மூட்டை மட்டும் துரை மாதிரி ஒக்காந்து போச்சு. நீங்க போவலியா?"

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் மைத்துனரைப் பார்த்தேன்.

"பரஸ்தானம் முழுசாப் போயிடுச்சு மச்சான்," என்றேன்.

மணிக் கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஓடினேன். கொட்டகையில் வேகமாக ஓடுகிற மாட்டு ஜோடி ஒன்று அன்று வீட்டில் நின்றது, காரியும் மயிலையும். வண்டியில் வைக்கோலைப் பரப்பி மேலே சமுக்காளம் விரித்து மூன்று பேரையும் ஏறச் சொன்னேன். மைத்துனர் ஏறவில்லை. பரிகாரத் தயிர் மூட்டையோடு போய்விட்டதாம், தயிர் இல்லாமல் சூலத்தில் கால் வைக்க மாட்டாராம். கும்பிட்ட பால்காரரையே தேடிப் பிடித்து ஒரு கலயம் தயிர் வாங்கினேன். குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

சிராங்கூன் ரோடு நெடுக வெயில். ரோட்டு முடிவில் திரும்பி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் போனோம். எனக்கு வந்த கோபத்தில் மாட்டை விரட்டினேன். தங்கம் பேசிக்கொண்டே வந்தாள். வழியில் கடை வைத்திருந்த சீனரிடம், தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாளிடம், எல்லோரிடமும் மோட்டாரைப் பற்றிக் கேட்டாள்.

"அப்பா, இவங்களும் பாத்தாங்களாம் லா! நெத்தியெல்லாம் செவப்புப் பொட்டு வெச்ச மோட்டாராம். உள்ள ஆளே இல்லியாம். மூட்டை மட்டும் போச்சாம். பேய் வண்டின்னு நெனச்சு வேலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாங்களாம்!"

முதலில் சிரித்தது அமிர்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு மைத்துனரும் சிரித்தார். "ஊர்ல போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான் மாப்பிள்ளை. நம்ம மூட்டைக்கு வந்த யோகத்தப் பாத்தீங்களா?" என்று என் முதுகில் தட்டினார்.

"உங்க ராகுவுக்குத்தான் யோகம்," என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் தங்கத்தின் தலையைத் தடவிக்கொண்டு, "கெட்டிக்காரப் புள்ள. ஊருக்கு வந்துட்டா நல்லாப் படிக்க வெச்சிடலாம்," என்றார். மனுஷர் மனசு மாறவில்லை. சிரிப்பது வேறு, முடிவு வேறு. காரியின் வாலை முறுக்கினேன்.

6

வாடகைக் கணக்கு மறுநாள்தான் தீர்ந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது.

நாங்கள் ஏறாத நேரத்துக்குக் காசு தர மாட்டேன் என்றேன். செய்யது மரைக்காயர் ஒரு பெருமூச்சு விட்டார். "அண்ணே, நாகூர்ல எங்க பக்கத்து வீடு ஒரு செட்டியார் வீடு. அவர் நல்ல நேரத்துல மூட்டைய எங்க வீட்டுக் கூடத்துல கொண்டாந்து வெச்சிடுவாரு. மூணு நாள் கழிச்சுத்தான் கப்பல் ஏறுவாரு. எப்பப் பயணம் போனீங்க செட்டியாரேன்னு கேட்டா, மூட்டை போன நாளைத்தான் சொல்வாரு. மூட்டை போனா ஆள் போன மாதிரின்னு உங்க ஆளுங்க சொல்லிக் குடுத்ததுதானே? அதத்தான் நான் கணக்குல போட்டிருக்கேன்."

சாஸ்திரத்தை மரைக்காயர் சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மடியிலிருந்து காசை எடுத்து எண்ணி வைத்தேன்.

சக்கர மறைப்பில் நசுங்கல் என்றார். பழைய நசுங்கல், பொட்டு வைத்திருக்கிறேன், போய்ப் பாருங்கள் என்றேன். போய்ப் பார்த்தோம். பொட்டு இல்லை. கடற்கரையில் சும்மா இருந்த நேரத்தில் மாட் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வண்டியைப் பளபளவென்று கழுவித் துடைத்திருக்கிறான். வேலைக்காரன் என்றால் அவன்தான் வேலைக்காரன். அதற்கும் பாதி கொடுத்துத் தீர்த்தேன். குங்குமம் வேண்டாம். தார் பூசுங்கள்.

7

பாசிர் ரிஸ் போய்ச் சேர்ந்தபோது எங்கள் எல்லோருக்கும் பசி காதை அடைத்தது. மோட்டார் தென்னை மரத்தடியில் நின்றது. மாட் மூட்டையை இறக்கி ஒரு பாய் விரித்து அதன்மேல் வைத்து, காக்கை கொத்தாமல் ஓலை விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். மாட்டு வண்டியைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் சாமானை மோட்டாரில் அனுப்பிவிட்டுத் தாங்கள் மாட்டு வண்டியில் வருவது தமிழர்களின் வழக்கம் என்று நினைத்திருப்பான்.

அவனையும் உட்கார வைத்துச் சாப்பிட்டோம். கடல் காற்று, எதிரே தீவுகள், அலையே இல்லாத தண்ணீர். தங்கம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மைத்துனர் கை கழுவி வந்து அமிர்தத்தின் எதிரே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நாளைக்குக் காலைல டிக்கெட் எடுத்தாகணும். வந்த நாள்லேருந்து நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். நீ ஒண்ணும் சொல்லல. வரியா?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் எனக்காகப் பேசும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அது தென்னை மரத்தடியில் சும்மா நின்றது.

"பாத்திரத்தக் கழுவிட்டு வந்து சொல்றேண்ணே," என்றாள் அமிர்தம்.

கழுவினாள். துடைத்தாள். மூட்டை கட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்தது, மணிக் கணக்கு ஞாபகம் வந்து நான் எழுந்தேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. மோட்டாரில் எல்லோரும் போய்விட்டால் மாட்டு வண்டியை யார் ஓட்டுவது? காரியையும் மயிலையையும் மோட்டாரில் ஏற்ற முடியாது. பணம் கட்டிய நான் அந்த வண்டியில் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. இன்றுவரைக்கும் உட்கார்ந்ததில்லை.

"நீங்க மூணு பேரும் மோட்டார்ல போங்க. நான் பின்னால வரேன்," என்றேன்.

தங்கம் ஓடிப்போய் ஓட்டுகிறவன் பக்கத்தில் முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டு, "செப்பாட், செப்பாட்," சீக்கிரம், சீக்கிரம் என்று அவனை விரட்டினாள். மைத்துனர் பின்னால் ஏறினார். பக்கத்தில் மூட்டையை வைத்தார். மாட் மோட்டாருக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினான், அது உறுமியது. அமிர்தம் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏறும்மா," என்றார் மைத்துனர்.

"இல்லண்ணே. நீங்க போங்க."

"போறதுன்னா? நீ எப்படி வருவே?"

"நான் இவரோட வண்டியில வரேன். வியாழக்கெழமையும் நீங்க போயிட்டு வாங்கண்ணே. அம்மாகிட்ட, மாடு மூச்சு விடற சத்தம் கேக்காட்டி எனக்கு இப்பத் தூக்கம் வரதில்லன்னு சொல்லுங்க. புள்ளைக்குத் தமிழ் சொல்லிக்குடுக்க நான் இருக்கேன்."

மைத்துனர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, மாட்ட ரொம்ப விரட்டாதீங்க. தங்கச்சிக்கு இடுப்பு வலி," என்றார். மோட்டார் போய்விட்டது.

அமிர்தம் சமுக்காளத்தில் ஏறி உட்கார்ந்தாள். பட்டுப் புடவையெல்லாம் வைக்கோல். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தேன். திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவாள். ரப்பர் தோட்டம் வந்தது.

"மோட்டார்ல ஒரு தடவையாவது ஏறியிருக்கலாம்ல நீ? காசு கட்டியாச்சு," என்றேன்.

"உங்கள யாரு கட்டச் சொன்னது?"

"அண்ணன் உன்னக் கூட்டிட்டுப் போயிடுவாரேன்னுதான்."

"அதுக்கு அண்ணன்கிட்ட மோட்டாரக் காட்டுவாங்களா? அவராவது இன்னிக்கு வரியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டாரு. நீங்க கேட்டீங்களா?"

மாடு நடந்துகொண்டிருந்தது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"இதத்தான் சொல்லியிருப்பேன். மோட்டார் காசு அம்புட்டும் மிச்சமாயிருக்கும்."